நாற்பத்தொரு பேர்

ஐந்து ஊர்கள் சேர்ந்து ஒரு சாலை போடுவது, ஐந்து அண்ணன் தம்பிகள் சேர்ந்து ஒரே வீட்டுக்குக் கூரை மாற்றுவது மாதிரிதான். கூரை வேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. யார் எவ்வளவு தருவது என்ற பேச்சு எடுத்த நிமிஷம் ஒருவருக்கு இருமல் வரும், ஒருவருக்கு அவசர வேலை வரும், இன்னொருவர் ‘நான் மழையில் நனைந்தே பழகியவன்’ என்பார்.

பழைய சாலையை நாலு வழியாக அகலப்படுத்துகிற அந்த ஐம்பத்திரண்டு கிலோமீட்டர் வேலைக்கும் அப்படித்தான் நடந்தது. பாதிப் பணம் மேலிடத்திலிருந்து வந்தது. மீதியை ஐந்து நகரசபைகளும் பங்கு போட்டுக் கொடுக்க வேண்டும். பங்கு போட மூன்று அளவு வைத்தார்கள். ஊர் எல்லைக்குள் சாலையின் நீளம் எவ்வளவு, ஊரில் ஆட்கள் எத்தனை, சாலையை அந்த ஊர்க்காரர்கள் எவ்வளவு பயன்படுத்துகிறார்கள். முதல் இரண்டில் யாரும் கைவைக்க முடியாது. மூன்றாவதில்தான் எல்லோருடைய சாமர்த்தியமும் புகுந்து விளையாடியது. ஒவ்வொரு நகரசபையும் தன் ஊரில் ஆறு இடங்களில் மூன்று வேலைநாள் ஆள் நிறுத்தி, போகிற வண்டிகளையும் சாலையைக் கடக்கிற ஆட்களையும் எண்ணிச் சாலை வாரியத்துக்கு அனுப்ப வேண்டும். எண்ணிக்கை குறைந்தால் பங்கும் குறையும். எந்த மூன்று நாள் என்பது அவரவர் விருப்பம்.

விருப்பம் என்று எழுதிக் கொடுத்துவிட்டால் கேட்க வேண்டுமா? ஓர் ஊர் அடைமழை வாரத்தில் எண்ணியது. இன்னோர் ஊர் பஸ்காரர்கள் வேலைநிறுத்தம் செய்த நாட்களாகப் பார்த்து எண்ணியது. ‘தூங்குகிற நாள் பார்த்து எண்ணுவது’ என்று நகரசபைகளில் இதற்குப் பெயர்கூட உண்டு. வாரியத்துக்கும் தெரியும். ஐந்து பேரும் செய்கிறபோது யார் யாரைக் காட்டிக்கொடுப்பது?

ஐந்தில் ஓர் ஊரின் நகரசபைக் கணக்கரான நம் ஆளுக்கு அங்கே ‘கத்தரி’ என்று பட்டப்பெயர். யார் எந்தச் செலவுச் சீட்டைக் கொண்டுபோய் நீட்டினாலும் அதில் நாலு வரியை வெட்டாமல் கையெழுத்துப் போடமாட்டார். நகரசபைத் தலைவியின் அறைக்குத் திரைச்சீலை வாங்கிய சீட்டையே வெட்டினவர். திரை ஜன்னலில் முக்கால்வாசிதான் வந்தது, மீதிக் கால்வாசியில் தலைவி வெயில் காய்ந்தாள். அப்படிப்பட்ட மனிதர் மூன்று வருஷத்துக்கு முன்னால் இந்தப் பங்கு விஷயம் வந்ததும் இரண்டு நாள் யோசித்துவிட்டுத் தன் தங்கைக்குப் போன் செய்தார்.

தங்கை, சாலையோரம் இருந்த தையல் கம்பெனியில் வேலை பார்த்தாள். தொள்ளாயிரம் பெண்கள் வேலை செய்கிற இடம். அத்தனை பேரும் சாலைக்கு அந்தப் பக்கம் குடியிருப்பவர்கள். காலையில் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம், சாலையே அடைபடுகிற மாதிரி கடந்து போவார்கள். ஊரின் ஆறு இடங்களில் அந்தக் கம்பெனி வாசலும் ஒன்று. ஊர்ப் பங்கில் கால்வாசியை அந்த ஒரு வாசலே ஏற்றிவிடும்.

“உங்க கம்பெனியில வருஷத்துக்கு ஒருமுறை மெஷின் சர்வீஸ்னு மூடுவாங்களேம்மா, இந்த வருஷம் எப்போ?”

“எதுக்குண்ணா?”

“சும்மாதான். கேட்டுச் சொல்லு, அப்புறம் சொல்றேன்.”

அவள் சூப்பர்வைசரிடம் நைசாகக் கேட்டு அன்று சாயங்காலமே கூப்பிட்டாள். செவ்வாய், புதன், வியாழன். குரலில் அத்தனை உற்சாகம். காலண்டரில் மூன்றும் அசல் வேலைநாட்கள், யாரும் ஒரு குறை சொல்ல முடியாது. கணக்கர் அந்த மூன்று நாளும் ஆள் நிறுத்தினார். கம்பெனி வாசலில், கூட்டம் அதிகமான ஒரு மணி நேரத்தில் கடந்தவர்கள் நாற்பத்தொரு பேர். காவலாளிகள், எதிர்க்கடைக்கு டீ குடிக்கப் போனவர்கள், வழி தவறி வந்த ஒருவர். கணக்கர் கீழே கையெழுத்துப் போட்டு அனுப்பினார். ஊரின் பங்கு மளமளவென்று இறங்கியது. நகரசபைக் கூட்டத்தில் மேசையைத் தட்டி ஆரவாரம் செய்தார்கள். மிச்சமான பணத்தில் மேட்டுத்தெருக்களுக்குக் குடிதண்ணீர்க் குழாய் போட்டார்கள். அந்த வாரம் முழுக்கக் கணக்கருக்கு உச்சி குளிர்ந்து கிடந்தது.

சாலை வந்தது. நாலு வழிச் சாலை, கண்ணாடி மாதிரி. லாரிகள் பறந்தன. கம்பெனி வாசலில் ஆட்கள் கடக்க வெள்ளைக் கோடு போட்டார்கள். வேறு எதுவும் போடவில்லை. எட்டாவது மாதம், ஒரு சாயங்காலம், வேலை விட்டு வந்த தங்கை அந்த வெள்ளைக் கோட்டின் மேல் போய்க்கொண்டிருந்தபோது லாரி அடித்தது. முப்பத்தாறு வயது. ஒன்பது வயதில் ஒரு மகள், ஃப்ரிட்ஜ் மெக்கானிக் கணவன்.

கணக்கர் லாரிக்காரனைச் சபித்தார். லாரி முதலாளியைச் சபித்தார். அவர் மனைவி உறங்காமல் பக்கத்தில் உட்கார்ந்து, “போதும், உங்க உடம்பு என்னத்துக்கு ஆகும்” என்று அழுதாள். தன் கையெழுத்து அந்த வெள்ளைக் கோட்டுக்கு அடியில் இருக்கிறது என்று அவருக்குக் கனவிலும் தோன்றவில்லை. பங்குக்கு எண்ணுவது பங்குக்கு, சாலையை வரைகிறவர்கள் தனியாக ஏதாவது எண்ணியிருப்பார்கள் என்றுதான் அவர் நினைத்திருந்தார். நினைத்திருந்தார் என்பதுகூடச் சரியில்லை. அதைப் பற்றி நினைக்கவே இல்லை.

நாலு மாதம் கழித்து மெக்கானிக் நகரசபைக்கு வந்தார். கையில் ஒரு கடிதம், ஒரு பள்ளிக்கூட நோட்டு. ஆள் பாதியாக இளைத்திருந்தார். வாங்க மாப்ள என்று நாற்காலியை இழுத்துப் போட்டும் உட்காரவில்லை.

“மச்சான், அந்த வாசல்ல ஒரு சிக்னல் லைட் போடச் சொல்லி வாரியத்துக்கு மனு கொடுத்தேன். இன்னும் தொள்ளாயிரம் பேர் தினமும் அதே கோட்டுல நடக்குறாங்க. யாரோட பிள்ளைக்கும் இந்த நிலைமை வரக்கூடாது. அவங்க என்ன பதில் போட்டிருக்காங்கன்னு பாருங்க.”

கணக்கர் படித்தார். நூற்றைம்பது பேருக்கு மேல் கடக்கும் இடங்களில்தான் சிக்னல் விளக்கும் நடுத்திட்டும் அமைக்கப்படும். தங்கள் நகரசபை அனுப்பிய எண்ணிக்கையின்படி இந்த இடத்தில் கடப்பவர்கள் மணிக்கு நாற்பத்தொரு பேர். ஆகவே மனு ஏற்கப்படவில்லை.

எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. அவர் கடிதத்தை முகத்துக்கு நேராகவே பிடித்துக்கொண்டிருந்தார், கீழே இறக்கினால் மெக்கானிக்கின் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

“இருபது நாளா கடையை நேரத்தோட மூடிட்டு நானே நின்னு எண்ணினேன் மச்சான்.” மெக்கானிக் நோட்டைப் பிரித்துக் காட்டினார். பென்சில் கோடுகள், அஞ்சஞ்சாகக் கட்டிப் போட்டவை, பக்கம் பக்கமாக. “ரொம்பக் குறைஞ்ச நாள்லயே எண்ணூத்தி அறுபத்தெட்டு. இவங்க நாப்பத்தொண்ணுங்குறாங்க. யாருக்குக் காது குத்துறாங்க? உங்க ஆபீஸ்லதான் எவனோ ரூமுக்குள்ள உக்காந்துக்கிட்டு எழுதி அனுப்பியிருக்கான். எவன்னு கண்டுபிடிங்க. உங்களுக்குத்தான் கணக்கு தெரியும். வேற யார்கிட்ட நான் போய் நிக்கிறது?”

“பார்க்கிறேன் மாப்ள” என்றார் கணக்கர். அந்த இரண்டு வார்த்தைக்கு அவருக்கு இருந்த தெம்பெல்லாம் செலவானது.

மறுநாள் விடுப்புச் சொல்லிவிட்டுச் சாலை வாரியத்துக்குப் போனார். அங்கே பொறியாளர் ஓர் அம்மாள், மூக்குக்கண்ணாடியைத் தலைக்கு மேல் ஏற்றிவிட்டு அதையே மேசை முழுக்கத் தேடிக்கொண்டிருந்தார். கணக்கர் எடுத்துச் சொன்ன பிறகு சிரித்தார். வந்த விஷயத்தைச் சொன்னதும் சிரிப்பு நின்றது.

“ஒரே தாள்தாங்க. ஒரு நகல் பங்கு பிரிக்கிற மேசைக்குப் போகும், ஒரு நகல் எங்க மேசைக்கு வரும். தனியா எண்ண எங்களுக்கு ஏது ஆள்? நீங்க அனுப்பினதை நம்பித்தான் வரைவோம்.”

“நாங்க குறைச்சு எண்ணுவோம்னு உங்களுக்குத் தெரியாதா அம்மா?”

“பத்து, இருபது குறைப்பீங்கன்னு தெரியும். அதுக்குச் சேர்த்துத்தான் போடுவோம். தொள்ளாயிரத்தை நாப்பத்தொண்ணா குறைப்பீங்கன்னு யாருக்குத் தெரியும்?”

அந்த அம்மாள் பிறகு கொஞ்சம் தணிந்து வழி சொன்னார். புதிதாக எண்ணிக் கேட்டால் அடுத்த திட்டத்தில்தான் சேர்ப்பார்கள், அதற்கு ஐந்து வருஷம் ஆகும். பழைய தாளே தப்பு என்றால் வேறு கதை. தப்பைத் திருத்தவென்று திட்டத்தில் கொஞ்சம் பணம் ஒதுக்கியிருக்கிறார்கள், ஆறு மாதத்தில் விளக்கு வந்துவிடும். ஆனால் இந்த மாதக் கடைசியில் திட்டக் கணக்கை மூடுகிறார்கள். அதற்குள் கையெழுத்துப் போட்டவரே, எந்த நாளில், ஏன் அப்படி எண்ணினார் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதிக் கொடுத்தால் ஊரின் பங்கையும் மறுபடி போடுவார்கள், பாக்கியை அபராதத்தோடு கட்டச் சொல்வார்கள்.

“கையெழுத்துப் போட்டவர் இப்போ வேலையில இருக்காரா?” என்று கேட்டார் அந்த அம்மாள்.

“இருக்கார்” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார் கணக்கர்.

தலைவியிடம் போனார். தலைவி கெட்டவள் இல்லை. தங்கை செத்த அன்று முதல் ஆளாக வந்து நின்று, வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டவள். அவர் சொன்னதைக் கடைசி வரை கேட்டாள். கேட்டுவிட்டு எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள்.

“எல்லா ஊரும் பண்ணினதுதானே? நாம மட்டும் ஏன் கழுத்தை நீட்டணும்? அந்தப் பணம் மண்ணுக்கு அடியில குழாயா கிடக்கு. தோண்டி எடுத்தா கொடுக்க முடியும்?”

“விளக்கு வரணும்மா.”

“வரட்டும். அஞ்சு வருஷத்துல வரட்டும். அதுவரைக்கும் அந்த வாசல்ல ஒரு ஆளைக் கொடி பிடிச்சு நிக்க வைக்கிறேன், சம்பளம் நான் பார்த்துக்கிறேன். உங்களுக்கு ரிட்டயர் ஆக இன்னும் பதினாலு மாசம். எழுதிக் கொடுத்தீங்கன்னா பென்ஷன்ல கைவைப்பாங்க. உங்க வீட்டம்மாவை நினைச்சுப் பாருங்க. போனவங்க திரும்பி வரப்போறதில்ல, அண்ணே.”

தலைவி அவரை அதற்கு முன் அண்ணே என்று கூப்பிட்டதே இல்லை. அந்த ஒரு சொல்தான் அவரை உலுக்கிவிட்டது. எழுந்து வந்து தன் இடத்தில் உட்கார்ந்து, எல்லோரும் பார்க்க, வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். பக்கத்து மேசைத் தட்டச்சுக்காரப் பெண் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு நின்றாள். கத்தரிக்கு அழத் தெரியும் என்று அன்றைக்குத்தான் அந்த அலுவலகத்துக்குத் தெரிந்தது.

மூன்று வாரம் போனது. மனிதர் சாப்பிட உட்கார்ந்தால் பாதியில் எழுந்துவிடுவார். கம்பெனி விடுகிற நேரத்துக்குப் போய் எதிர்ப்பக்கம் நின்று பார்ப்பார். பெண்கள் கையைக் கையைப் பிடித்துக்கொண்டு, “இப்ப வா, இப்ப வா” என்று கத்திக்கொண்டு ஓடுவார்கள். ஒருத்தியின் செருப்பு நடுச்சாலையில் கழன்றது, எடுக்கத் திரும்பினவளை நாலு பேர் இழுத்துக்கொண்டு போனார்கள். செருப்பின் மேல் ஒரு லாரி ஏறிப் போனது. கணக்கர் வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தார்.

இரண்டு பக்கம். முப்பத்தோரு வருஷ வேலையில் அவர் எழுதியவற்றிலேயே வெட்டும் திருத்தமும் இல்லாத தாள் அதுதான். எந்தெந்த நாள், எதற்காக அந்த நாள், யார் தீர்மானித்தது. மனைவியிடம் படித்துக் காட்டினார். அவள் தாளை வாங்கித் தானும் ஒருமுறை படித்தாள். பிறகு, “இதைக் கொடுக்கிறதுக்கு முன்னாடி மாப்பிள்ளைகிட்ட நீங்களே போய்ச் சொல்லுங்க. வேற யாராவது சொல்லி அவர் கேட்கக்கூடாது” என்றாள்.

மெக்கானிக் வீட்டுக்கு அவர் போனபோது மத்தியானம். மகள் பள்ளிக்கூடம் போயிருந்தாள். முன்னறையில் ஒரு ஃப்ரிட்ஜ் வயிற்றைத் திறந்து காட்டிக்கொண்டு நின்றது. மெக்கானிக் மேசையில் போர்வையை விரித்து, மகளின் பள்ளிச்சட்டைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். காலர் அவருக்குப் படியவில்லை. அதையே திரும்பத் திரும்பத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“வாங்க மச்சான், உக்காருங்க. எவன்னு தெரிஞ்சுதா?”

“தெரிஞ்சுது மாப்ள.” கணக்கர் உட்காரவில்லை. “நான்தான்.”

“என்ன நான்தான்?”

“அந்த நாப்பத்தொண்ணு. நான் எண்ண வெச்சது. நான் கையெழுத்துப் போட்டது. ஊருக்குப் பங்கு குறையணும்னு கம்பெனி மூடியிருந்த நாளாப் பார்த்து எண்ண வெச்சேன். அதையே வெச்சுத்தான் லைட் வேணுமா வேணாமான்னு பார்ப்பாங்கன்னு எனக்குத் தெரியாது. சத்தியமா தெரியாது. தெரியாதுன்னு சொல்லித் தப்பிக்க வரல. நான்தான் மாப்ள.”

மெக்கானிக் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். சுவிட்சை அணைத்தார். கத்துவார், அடிப்பார், எதையாவது தூக்கி எறிவார் என்று எதிர்பார்த்த கணக்கருக்கு அந்த நிதானம் தாங்கவில்லை. மெக்கானிக் கணக்கரைப் பார்க்காமல் சட்டையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“கம்பெனி மூடுற தேதி வெளியில யாருக்கும் சொல்ல மாட்டாங்களே. உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?”

வரும் வழியெல்லாம் இதற்கு ஒரு பொய் தயார் செய்து வைத்திருந்தார் கணக்கர். காவலாளியிடம் கேட்டேன் என்று சொல்ல வேண்டும். செத்துப் போனவளின் தலையில் இதைக் கட்டக்கூடாது. வாயைத் திறந்தார். பொய் வரவில்லை.

“அவகிட்டதான் கேட்டேன்.”

மெக்கானிக் மெல்லப் போய்க் கட்டிலில் உட்கார்ந்தார்.

“செவ்வாய், புதன், வியாழன்” என்றார்.

“ஆமா. உங்களுக்கு எப்படி...”

“அவளுக்குக் கடல் பார்க்கணும்னு ஆசை. எப்பவோ ஒரு நாள் நீங்க, உன் லீவுல நான் கூட்டிட்டுப் போறேன்னு சொன்னீங்களாம்.”

கணக்கருக்கு ஞாபகம் இல்லை. எத்தனை யோசித்தும் ஞாபகம் வரவில்லை.

“நீங்க லீவு எப்போன்னு கேட்டதும் அவளுக்குத் தலைகால் புரியல. அண்ணன் சொல்லாம கூட்டிட்டுப் போகப் போறார்னு. குட்டிக்குப் புதுச் செருப்பு வாங்கினா. எனக்கு ஒரு சட்டை தைச்சா. செவ்வாய்க்கிழமை விடியறதுக்கு முன்னாடியே எழுந்து சாப்பாடு கட்டி, பையெல்லாம் வாசல்ல கொண்டுவந்து வெச்சுட்டு நின்னா. பத்து மணி ஆச்சு, பதினோரு மணி ஆச்சு. ஒரு போன் போட்டுக் கேளுன்னேன். ‘வேண்டாங்க, அண்ணனுக்கு ஏதாவது வேலை வந்திருக்கும். நாம கேட்டா பாவம், சங்கடப்படுவாரு’ன்னுட்டா. புதன்கிழமையும் பையைப் பிரிக்கல. வியாழக்கிழமையும் பிரிக்கல. இன்னைக்கு வந்தாலும் வருவார்னு மூணு நாளும் வாசல்லயேதான் இருந்தா, மச்சான்.”

அந்த மூன்று நாளும் கணக்கர் கம்பெனி வாசலில்தான் நின்றிருந்தார், ஆட்கள் ஒழுங்காக எண்ணுகிறார்களா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு. அங்கிருந்து இந்த வீட்டுக்கு நடந்தால் பத்து நிமிஷம். சாலையைக் கடந்து வந்தால் போதும். “அம்மா” என்று ஒரு சத்தம் அவரிடமிருந்து வந்தது. தங்கையைத்தான் கூப்பிட்டார், அவளை அப்படித்தான் கூப்பிடுவார். தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதார். மெக்கானிக் தடுக்கவில்லை. அவரும் அழவில்லை.

வெகுநேரம் கழித்து மெக்கானிக், கீழே கிடந்த கவரைக் காட்டி, “அது என்ன?” என்றார்.

“வாரியத்துக்கு எழுதினது. தப்பு என்னோடதுன்னு.”

வாங்கி இரண்டு பக்கத்தையும் வரிக்கு வரி படித்தார்.

“இதைக் கொடுத்தா லைட் வந்துருமா?”

“ஆறு மாசத்துல வந்துரும். கணக்கு மூடுறதுக்கு இன்னும் நாலு நாள் இருக்கு. இன்னைக்கே கொண்டுபோய்க் கொடுத்துடுவேன்.”

“உங்க பென்ஷன்?”

“போகும்னுதான் நினைக்கிறேன்.”

மெக்கானிக் தாள்களைப் பழையபடி மடித்துக் கவரில் போட்டு அவரிடம் கொடுத்தார்.

“கொடுத்துடுங்க. குட்டி நாலு மணிக்கு வந்துருவா. உங்களைப் பார்த்தா மாமான்னு ஓடி வந்து கட்டிக்குவா. எனக்கு அதைப் பார்க்குற சக்தி இல்ல.”

கணக்கர் எழுந்தார். தங்கைக்குக் கல்யாணமான பதினோரு வருஷமாக, அவர் அந்த வீட்டைவிட்டுக் கிளம்பும்போதெல்லாம் தங்கையும் மெக்கானிக்கும் வாசல் வரை வந்து, “போயிட்டு வாங்க” என்று சொல்வார்கள். தங்கை போன பிறகும் மெக்கானிக் ஒருநாள்கூட அதைச் சொல்லாமல் விட்டதில்லை.

அன்றைக்கு மெக்கானிக் கட்டிலிலிருந்து எழுந்திருக்கவில்லை.

“போங்க” என்றார்.

கணக்கர் செருப்பை மாட்டிக்கொண்டு, கவரை எடுத்துக்கொண்டு, போனார்.